இரண்டடித் தொட்டிக்கு எந்த சிக்லிட்?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் இரண்டு அங்குல ஆஸ்கர் மீன் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். ஒழுங்காகத் தீனி போட்டால் ஓராண்டில் அது பத்து அங்குலத்தைத் தொட்டுவிடும். 2×1×1 அடித் தொட்டியின் அகலமே 12 அங்குலம்தான். மீன் உடம்பைத் திருப்பக்கூட இடமிருக்காது. அதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ளவர்ஹார்ன், பேரட் இரண்டுக்கும் இதே கதி. ஏஞ்சலுக்குத் தொட்டி 18 அங்குலமாவது உயரம் வேண்டும். மலாவி ஏரியின் மஞ்சள் லேப் நான்கடித் தொட்டி மீன். இத்தனையையும் கழித்த பிறகும் நல்ல மீன்கள் மிச்சம் இருக்கின்றன.

சிக்லிட் புதிய சாதி ஒன்றும் இல்லை. சந்தையில் வாங்கிக் குழம்பு வைக்கிற ஜிலேபி கெண்டையும் சிக்லிட்தான். குளத்தில் ஆண் ஜிலேபி சேற்றில் வட்டக் குழி தோண்டி, பக்கத்தில் வரும் இன்னொரு ஆணை விரட்டிக்கொண்டே இருக்கும். குளத்தில் தோற்ற மீன் ஓடிவிடலாம். தொட்டியில் ஓட இடமில்லை. அதனால் இரண்டடித் தொட்டிக்கு ஒரே ஒரு சிக்லிட் இனம் போதும். கணக்குப்படி 56 லிட்டர் என்றாலும் மணலும் கல்லும் போக 45 லிட்டர்தான் நிற்கும். சண்டை வருவதோ தரைக்காக. மேலே எத்தனை லிட்டர் இருந்தாலும் தரை இரண்டு சதுர அடிதான்.

இனத்தை முடிவு செய்யும் முன் வீட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதாது. கடலோர போர்வெல் தண்ணீரில் சோடியம் உப்பு நிறைய இருக்கலாம். மீட்டர் அதையும் கடினத்தன்மையையும் பிரித்துக் காட்டாது. கேஹெச், அதாவது கார்பனேட் கடினத்தன்மையை, அளக்கும் சொட்டு மருந்து வகை கிட் வாங்குங்கள். பிஹெச்சை அப்போதே பிடித்த தண்ணீரில் பார்க்கக் கூடாது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, பிஹெச்சைக் குறைத்துக் காட்டும். ஒரு பக்கெட்டில் ஏர் பம்ப் போட்டு 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். 7 காட்டியது 8 காட்டலாம்.

கேஹெச் 8க்கு மேல் இருந்தால் ஆசிட் ஊற்றி பிஹெச்சை இறக்க முயலாதீர்கள். இன்று இறங்கும், நாளை ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். அந்தத் தண்ணீருக்கென்றே பிறந்த மீன் இருக்கிறது: டாங்கன்யிகா ஏரியின் மல்டிபேசியாட்டஸ். காலி நத்தைக் கூட்டுக்குள் குடித்தனம் நடத்தும் குட்டி மீன். ஆண் 4.5 சென்டிமீட்டர், பெண் 3. சிறிய தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சிக்லிட் இல்லை என்பேன்.

ஆறு குஞ்சுகள் வாங்குங்கள். மணல் இரண்டு அங்குல ஆழம் வேண்டும். ஒரு மீனுக்கு மூன்று கூடு என்று கணக்கு. வயல் நத்தையின் காலிக் கூடு நன்றாகவே உதவும். கொதிக்கவைத்து, உள்ளே சதை துளியும் மிச்சமில்லாமல் கழுவிப் போடுங்கள். அழுகிய சதை அமோனியாவைக் கிளப்பிவிடும். முதல் வாரத்திலேயே வேலை தொடங்கும். மீன் வாய் நிறைய மணலை அள்ளி நாலு விரற்கடை தள்ளித் துப்பும். வாய் மட்டும் வெளியே தெரியும்படி கூடு மணலுக்குள் புதையும். நட்ட செடிகள் எல்லாம் பெயர்ந்துவிடும் என்பதால் அனுபியாஸ் செடியைக் கல்லில் கட்டி வையுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் போடுங்கள், மற்றவை குஞ்சுகளை இழுத்துவிடும். குஞ்சுகள் பெரியவற்றோடே வளரும், பிரிக்க வேண்டியதில்லை.

கேஹெச் 4க்குக் கீழ் இருந்தால், அல்லது ஆர்ஓ (உப்பு நீக்கிய) தண்ணீர் கலந்து அங்கே கொண்டுவர முடிந்தால், ஜெர்மன் புளூ ராம் ஒரு ஜோடி. கேஹெச் 12 உள்ள தண்ணீர் ஒரு பங்குக்கு ஆர்ஓ மூன்று பங்கு கலந்தால் 3 வரும். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் இதே விகிதம் வேண்டும். ஒரினோகோ ஆற்றுப் படுகையின் மீன், 27 முதல் 30 டிகிரி வரை வெந்நீர் கேட்கும். சென்னையில் பெரும்பாலான மாதங்களுக்கு ஹீட்டரே வேண்டாம். துணைக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் கார்டினல் டெட்ரா எட்டு விடலாம். ஜீப்ரா டேனியோவுக்கு அது அதிகச் சூடு.

ராமில் ஏமாறுவது ஜோடி விஷயத்தில். விலாவில் இருக்கும் கரும்புள்ளியை உற்றுப் பாருங்கள். பெண்ணுக்கு அந்தக் கறுப்புக்குள்ளேயே நீலப் பொட்டுகள் மின்னும், வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு அங்குலத்திலேயே முழு நிறம் காட்டும் மீன்களை விட்டுவிடுங்கள், ஹார்மோன் கொடுத்து வளர்த்ததாக இருக்கலாம். பலூன் ராமும் வேண்டாம்; முதுகெலும்பு வளைந்த அந்த உடம்போடு அது படும் பாடு பார்க்கச் சகிக்காது.

கேஹெச் 4க்கும் 8க்கும் நடுவில் இருக்கும் தண்ணீருக்கு நைஜீரியாவின் கிரிபென்சிஸ் ஜோடி. கண் வழியே துளையிட்ட கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள்ளேயே கூரையில் முட்டையிடும். அன்றிலிருந்து தரை முழுக்க அதன் ராஜ்ஜியம். கோரிடோராஸ் போன்ற தரை மீன் விலகிப் போகத் தெரியாமல் திரும்பத் திரும்ப அங்கேயே மேயப் போய்க் கடி வாங்கும். மேல்மட்டத்தில் நீந்தும் டேனியோ ஆறு போதும்.

எந்த மீனாக இருந்தாலும் தொட்டியை மீனில்லாமல் நான்கு முதல் ஆறு வாரம் ஓட்டி, மீனுக்கு நஞ்சான அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் காட்டிய பிறகே விடுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

ஜோடி சேர்ந்த மீன்களும் பிரியும். முட்டை பூஞ்சை பிடித்துப் போனால், சாதுவாக இருந்த ஆண் பெண்ணைத் துரத்தத் தொடங்கலாம். பெண் மேல் மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் அசையாமல் நின்றால், வால் கிழியும்வரை காத்திருக்காதீர்கள். துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைக் குறுக்கே இறக்குங்கள். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி துரத்தினால் ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போதே இதைக் கடைக்காரரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.