மழையை நம்பி ஓர் இலந்தைத் தோட்டம்

கிணற்று நீர் போதாத நிலத்தில் பழமரம் வைப்பது என்று முடிவானதும், எந்த மரம் எந்த மாதத்தில் தண்ணீர் கேட்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். மா கோடையில் காயைச் சுமக்கும். இலந்தை கோடையில் இலையை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும், மழையில் துளிர்த்துப் பூக்கும், குளிர்காலத்தில் பழுக்கும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தும் எண்ணமே எனக்கு இல்லை. அதனால் இலந்தை.

ஒட்டுக்கன்று வாங்கி நடலாம்தான். ஆனால் பையில் நாளான கன்றின் ஆணிவேர் பெரும்பாலும் சுருண்டு போயிருக்கும். வறண்ட மண்ணில் வேர் நேராக இறங்கினால்தான் மரம் நிற்கும். ஆகவே 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடைவெளியில் குழியெடுத்து, பிறகு அதன்மேல் நல்ல ரகத்தை ஒட்டிக்கொள்ளலாம் என்று காட்டு இலந்தையை அங்கேயே விதைத்தேன். கொட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதந்தவற்றைக் கழித்தேன். மூழ்கியவற்றை, உள்ளே பருப்பு நசுங்காதபடி சுத்தியலால் மெல்லத் தட்டி ஓட்டை உடைத்தேன். பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஆனால் ஓட்டோடு விதைத்தால் முளைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். உடைத்தால் ஒரு வாரமே போதும்.

தண்டு பென்சில் கனம் வந்ததும், பட்டை வழுக்கிக்கொண்டு கழலும் பருவம் பார்த்து, நல்ல ரகத்தின் மொட்டைச் சீவி அந்தப் பட்டைக்குள் செருகி பாலிதீன் நாடாவால் கட்டினோம். அதற்கப்புறம் ஒட்டுக்குக் கீழே காட்டுத் துளிர் விட்டுக்கொண்டே இருந்தது. அதை உடனுக்குடன் கிள்ளாவிட்டால் நல்ல மொட்டை அமுக்கிவிடும். முதல் கோடைகளில் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். மழை வழிந்து தூருக்கே வரும்படி சுற்றிலும் மண்ணைச் சரித்துவிட்டது பெரிய உதவி. காய்ப்புக்கு வரும்வரை இடைவெளியில் பாசிப்பயறு போட்டோம்.

கவாத்துக்குத்தான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்குத்தான், மனத்தைத் திடப்படுத்த வேண்டும். இலந்தை புதுக்கிளையில்தான் காய்க்கும். வருடா வருடம், மரம் இலையில்லாமல் நிற்கும்போது போன பருவத்துக் கிளைகளைக் குறுக்கி வெட்ட வேண்டும். பாவம் பார்த்து விட்டுவிட்டால் காய் சிறுத்துப்போகும். வெட்டிய முள்கிளைகளே ஆடு தாண்டாத வேலியாகிவிடுகின்றன.

பழ ஈயை மருந்தால் மட்டும் ஒழிக்க முடியாது. அதன் புழு, உதிர்ந்த பழத்திலிருந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கிப் புதைக்கிறோம். கோடையில் மரத்தடியைக் கொத்திவிடுகிறோம், கூட்டுப்புழுக்கள் வெயிலில் காய்ந்துவிடும்.

பழம் ஒரே நேரத்தில் பழுக்காது. பச்சை மாறிப் பொன்மஞ்சளானதை மட்டும் பல தடவையாகப் பறிக்கிறோம். நல்லது அன்றே விற்பனைக்குப் போகும். கனிந்து சுருங்கியதை வற்றலாகப் போடுகிறோம்.