கங்கல் நாயும் காணாமல் போன சிப்பும்

நான்கு நாள் அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் கங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் என் கணவரின் பெரியப்பா, அங்காராவுக்கு வெளியே இருக்கும் எங்கள் பட்டிக்கு எட்டு மாத ஆண் நாய் ஒன்றைக் கொடுத்தார். அந்த ஊர்ப் பெயரையே கொண்ட, ஆடுகளைக் காக்கும் கங்கல் இனம். மணல் நிற உடம்பு, கறுத்த முகம், முதுகின் மேல் சுருண்ட வால். அங்கே ‘கராபாஷ்’, அதாவது கருந்தலை, என்றும் சொல்வார்கள். நாய் வண்டியில் சமர்த்தாக வந்துவிட்டது. உரிமையாளர் பெயரை மாற்றுவதுதான் பாடாய்ப் படுத்தியது.

துருக்கியில் வளர்ப்பு நாய்க்குத் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பும், அந்தச் சிப்பின் எண்ணும் தடுப்பூசி விவரமும் உள்ள பாஸ்போர்ட்டும் கட்டாயம். பதிவுக்கான கெடு 2022 டிசம்பரோடு முடிந்துவிட்டது; இல்லாவிட்டால் அபராதம். இரண்டும் இருக்கிறதே என்ற தைரியத்தில் போனோம். பெயர் மாற்றும் அலுவலகத்தில் இருந்தவர் ஒரு முழம் தள்ளி நின்று, சிப்பைப் படிக்கும் ரீடரைக் கழுத்துப் பக்கம் ஒரே ஒரு தடவை ஆட்டினார். சத்தம் வரவில்லை. “சிப் இல்லை, புதிதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்று தாள்களைத் தள்ளிவிட்டார். புதுச் சிப் போட்டால் பாஸ்போர்ட்டில் உள்ள 15 இலக்க எண் பொருந்தாது. வெறிநோய்த் தடுப்பூசிப் பதிவும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. போனில் பெரியப்பா கொதித்தார்: “என் கண் முன்னால் போட்டதம்மா, எங்கே போகும்?”

மறுநாள் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அந்த அம்மா முதலில் ரீடரை நாய்க்கு முகரக் கொடுத்தார். அப்புறம் ஓநாய் கவ்வாமலிருக்க மாட்டும் அந்த இரும்பு முள் பட்டையைக் கழற்றச் சொன்னார். இரும்பு பக்கத்தில் இருந்தால் ரீடர் தடுமாறுமாம். அதைக் கழற்ற எங்களுக்கும் தோன்றவில்லை, அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவுமில்லை. அடர்ந்த மயிரை விலக்கி, தோலோடு ஒட்டி, கழுத்திலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினார். இடது தோள் எலும்பின் ஓரத்தில் ‘பீப்’! சிப் நகர்ந்திருக்கிறது. அவர் எண்ணை வாசிக்க வாசிக்க, பாஸ்போர்ட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். பதினைந்தும் சரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிப் இருக்கும் இடத்தைக் குறித்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதைக் காட்டியதும் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

கங்கல் வாங்கப் போகிறவர்கள் கிளம்புமுன் அங்கேயே சிப்பைப் படிக்க வைத்து, எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கி வைத்திருந்ததால்தான் மறுபடி சிவாஸுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

நேற்று ராத்திரி அவன் முதன்முறையாக ஆடுகளுக்கு நடுவே போய்ப் படுத்தான்.