கேக் பாப்: மூன்று வார இறுதிகளில் கைவந்த பதம்

கேக்கை உதிர்த்துப் பிசைந்து உருட்டி, குச்சியில் செருகி, உருக்கிய இனிப்புப் பூச்சில் தோய்த்தெடுப்பது கேக் பாப். கடையில் வாங்கிய அப்படி ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டி உள்ளே பார்த்த அன்றுதான் எனக்கு இந்த வேலை பிடிபடத் தொடங்கியது. அதற்கு முன்பே இரண்டு வார இறுதிகளில் இரண்டு முறை செய்து பார்த்திருந்தேன். இரண்டு முறையும் சரியாக வரவில்லை.

நாங்கள் வசிப்பது சியாட்டிலை அடுத்த பெல்வியூவில். 1971-இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட ஸ்டார்பக்ஸ் காபிக் கடை எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பேக்கரெல்லா என்ற பெயரில் வலைப்பதிவு எழுதிவந்த ஆஞ்சி டட்லி, கேக் உருண்டைகளைக் குச்சியில் செருகி அலங்கரிக்கும் முறையை 2008-இல் அமெரிக்க வீடுகளில் பரவச் செய்தார். 2011-இல் ஸ்டார்பக்ஸ் அதைத் தன் கடைகளுக்குக் கொண்டுவந்தது. இளஞ்சிவப்புப் பூச்சின் மேல் வெள்ளை மணிகள் தூவிய அந்த வெனிலா உருண்டைதான் என் மகளுக்கு உயிர். தன் ஆறாவது பிறந்தநாளுக்குப் பெரிய கேக் வேண்டாம், வருகிற எல்லோருக்கும் அந்த உருண்டைதான் வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். கடையில் விற்பதில் முட்டை சேர்கிறது. அழைத்திருந்த பிள்ளைகளில் மூன்று பேர் வீட்டில் முட்டை கிடையாது. ஒரு பந்தியில் உட்காரும் குழந்தைகளில் சிலருக்கு மட்டும் வேறொன்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, முட்டை சேர்க்காமல் 24 கேக் பாப் வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதல் வாரம் நான் செய்த பிழை, ஃப்ராஸ்டிங் எனப்படும் வெண்ணெய்-சர்க்கரைக் குழைவின் அளவில் இருந்தது. உதிர்த்த கேக்கில் ஃப்ராஸ்டிங்கைக் கலந்து உருட்ட வேண்டும் என்று படித்திருந்ததால், டப்பாவில் வாங்கியதில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்துவிட்டேன். கலவை சப்பாத்தி மாவைவிட நெகிழ்ந்து, உள்ளங்கையெல்லாம் ஒட்டியது. குளிரவைத்தால் இறுகிவிடும் என்று நம்பினேன். குச்சியைச் செருகிப் பூச்சில் தோய்த்து நிமிர்த்தியதும், உருண்டை தன் எடையைத் தாங்காமல் மெல்லக் கீழே இறங்க, குச்சியின் முனை உச்சியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. பன்னிரண்டில் நான்குதான் நின்றன. அவற்றிலும் சர்க்கரைத் தித்திப்பு தூக்கலாக இருந்ததே தவிர, கேக்கின் சுவை தெரியவில்லை.

இரண்டாம் வாரம் ஃப்ராஸ்டிங்கைக் குறைத்தேன். ஆனால், உருண்டைகள் நன்றாக இறுகட்டும் என்று இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் கல் போல இருந்த உருண்டைகளைச் சூடான பூச்சில் தோய்த்தபோது, அது கண் முன்னே நொடியில் உறைந்து பளபளத்தது. வேலை முடிந்தது என்று எண்ணிப் பாத்திரம் கழுவப் போனேன். கால் மணி நேரத்திற்குள் ஒவ்வோர் உருண்டையிலும் முடி போன்ற ஒரு விரிசல் குச்சியடியிலிருந்து உச்சி வரை ஓடியிருந்தது. சிலவற்றில் அந்த விரிசல் வழியே எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து நின்றது. உறைந்த உருண்டை அறையின் வெப்பத்தில் விரிகிறது. அதே நேரத்தில் அதைச் சுற்றிய பூச்சு ஆறிச் சுருங்குகிறது. உள்ளிருப்பது விரியவும் வெளியிருப்பது சுருங்கவும் செய்தால், மெல்லிய ஓடு வெடிக்காமல் என்ன செய்யும்?

அன்று இன்னொரு பிழையும் நேர்ந்தது. வெள்ளைப் பூச்சை இளஞ்சிவப்பாக்க, கேசரிக்குப் பயன்படுத்தும் திரவ நிறத்தில் நான்கு சொட்டு விட்டேன். வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்த பூச்சு, கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஈர மணல் போலக் கெட்டிப்பட்டுவிட்டது. கொழுப்பில் பரவியிருக்கும் சர்க்கரைத் துகள்கள் சிறிதளவு நீர் பட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. பாத்திரத்தில் துடைக்காமல் விட்ட ஈரம்கூட இதற்குப் போதும். அதனால்தான் சாக்லேட்டுக்கென்று எண்ணெயில் கரையும் நிறங்களைத் தனியாக விற்கிறார்கள்.

அன்று மாலை கடைக்குப் போய் ஒரு கேக் பாப் வாங்கிவந்து வெட்டினேன். உள்ளே கேக்கின் துளைகள் இல்லை. பழுப்பு நிறத் துணுக்குகள் இல்லை. ஃப்ராஸ்டிங் தனியாகத் தெரியவில்லை. பால்கோவாவை வெட்டினால் எப்படியிருக்குமோ, அப்படி ஒரே சீராக, ஈரமாக, அடர்த்தியாக இருந்தது. ஆக, ஃப்ராஸ்டிங்கைக் கொட்டி இந்தப் பதத்தை வரவழைக்க முடியாது. கேக்கே ஈரமாக இருக்க வேண்டும், அதை நன்றாகப் பிசைய வேண்டும், ஃப்ராஸ்டிங் பிடிமானத்திற்கு மட்டுமே சேர வேண்டும் என்று தெளிந்தேன்.

மூன்றாம் வாரம் நான் செய்த தயிர் கேக்கின் அளவுகள் இவை. ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்துவரும். அதில் வாசனையில்லாத எண்ணெய் அரை கப், வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, சலித்த மைதா ஒன்றரை கப் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்து, எட்டு அங்குலத் தட்டில் 180 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம் வேகவைத்தேன். எண்ணெயும் தயிரும் சேர்வதால் இந்தக் கேக் மறுநாளும் உலர்வதில்லை. முழுவதும் ஆறிய பிறகு மேலும் கீழும் ஓரத்திலும் சிவந்திருந்த தோலைச் சீவி எடுத்தேன். இந்தத் தோல்தான் உருண்டைக்குள் நறநறவென்று தட்டுப்படுவது; அதை விட்டுவைத்தால் கடைப் பதம் வராது.

மீதியை விரல்களால் புட்டு மாவு போல உதிர்த்தேன். 30 கிராம் வெண்ணெயும் 60 கிராம் பொடித்த சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி பாலும் சேர்த்து அடித்த ஃப்ராஸ்டிங்கை ஒரே முறையில் கொட்டாமல், ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்த்துப் பிசைந்தேன். மூன்று கரண்டி சேரும் வரை தூளாகவே இருந்தது. நான்காவதில் திரளத் தொடங்கியது. ஐந்தாவது கரண்டியோடு நிறுத்திவிட்டு, மேலும் இரண்டு நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துப் பிசைந்தபோது, அதுவரை சொரசொரப்பாக இருந்த கலவை வழுவழுப்பாக மாறியது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். அழுத்தினால் ஓரத்தில் பெரிதாக வெடிக்கக் கூடாது. கையை விரித்தால் உள்ளங்கையில் ஒட்டியிருக்கக் கூடாது. கொழுக்கட்டை மாவுக்குப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

ஒவ்வோர் உருண்டையையும் தராசில் வைத்து 25 கிராமாக எடுத்தேன். எடை ஒன்றாக இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் குளிரும் என்பதால், கண் அளவை நம்பவில்லை. ரவா லாடு பிடிப்பது போல முதலில் இறுக்கிப் பிடித்து, பிறகு இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தமில்லாமல் உருட்டினால் மேற்பரப்பு வெடிப்பில்லாமல் வரும். சரியாக 24 உருண்டைகள் தேறின. அவற்றை ஃப்ரீசரில் வைக்காமல், ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் ஒரு மணி நேரம் வைத்தேன்.

பூச்சுக்குக் கேண்டி மெல்ட்ஸ் என்று விற்கப்படும் வில்லைகளையே தேர்ந்தெடுத்தேன். இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்வதால், உருக்கி ஆறவிட்டாலே இறுகிவிடும். உண்மையான வெள்ளைச் சாக்லேட்டின் சுவை உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், அதை 45 டிகிரி வரை உருக்கி, 26-க்கு இறக்கி, மீண்டும் 28-க்கு ஏற்றிப் பதப்படுத்தாவிட்டால் பளபளப்பும் வராது, கையில் எடுத்ததும் உருகும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அந்தப் பாடு தேவையில்லை என்பது என் முடிவு. வெள்ளை வில்லைகள் இரண்டு பங்கும் இளஞ்சிவப்பு வில்லைகள் ஒரு பங்குமாகக் கலந்ததில், தனியாக நிறம் சேர்க்காமலே கடையின் நிறம் கிடைத்தது. மைக்ரோவேவில் பாதி வலுவில் 30 விநாடி வைத்து, எடுத்துக் கிளறி, மீண்டும் வைத்து, இப்படி நான்கைந்து முறையில் உருக்கினேன். கரண்டியிலிருந்து நாடா போல அறுபடாமல் விழும் வரை, இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தளர்த்தினேன். குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால், வெதுவெதுப்பு மட்டுமே தெரிய வேண்டும். தெர்மோமீட்டரில் அது 38 டிகிரி காட்டியது.

உருண்டைகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும், காகிதக் குச்சியின் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவு பூச்சில் நனைத்து, உருண்டையின் பாதி ஆழம் வரை செருகினேன். அந்த நுனிப் பூச்சு இறுகினால்தான் குச்சி உள்ளே பற்றிக்கொள்ளும். பத்து நிமிடம் வெளியிலேயே வைத்து உருண்டைகளின் அதிகக் குளிர்ச்சியைத் தணியவிட்டேன். பிறகு, பூச்சை உயரமான, குறுகிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி, உருண்டையைக் குச்சியடி வரை நேராக ஒரே முறை அமிழ்த்தி, உள்ளே சுழற்றாமல் நேராகவே வெளியே எடுத்தேன். குவளையின் விளிம்புக்கு மேலே சாய்த்துப் பிடித்து, குச்சி பிடித்த கையின் மணிக்கட்டை மற்றொரு கையால் மெல்லத் தட்டிக்கொண்டே குச்சியைத் திருப்பினால், மிகுதிப் பூச்சு வழிந்துவிடுகிறது. கையை ஆட்டி உதறினால் உருண்டை கழன்றுவிடும். பூச்சு குச்சியைச் சுற்றி இடைவெளியில்லாமல் மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொண்டேன். எண்ணெய் கசிவதற்கு அந்தச் சிறு இடைவெளியே வழியாகிவிடும். வெள்ளை மணிகளைத் தூவ அரை நிமிடத்திற்கு மேல் அவகாசம் கிடைக்காது என்பதால், அந்த வேலையைக் கணவரிடம் ஒப்படைத்து, முடிந்தவற்றைத் துளையிட்ட தெர்மோகோல் பலகையில் ஒவ்வொன்றாகக் குத்திவைத்தோம்.

கால் மணி நேரம் கழித்துச் சமையலறைக்குத் திரும்பி, பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 24-இல் ஒன்றில் மட்டும் விரிசல் கண்டிருந்தது. அது குளிர் தணியும் முன்பே அவசரப்பட்டு நான் தோய்த்த முதல் உருண்டை. அந்த இடத்தில் விரல் நுனியால் சிறிது பூச்சைத் தடவி அதையும் சரிசெய்தேன்.

விருந்துக்கு முந்தைய நாளே செய்துவிட்டதால், மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பு டப்பாவைத் திறக்காமலே வெளியே எடுத்துவைத்தேன். திறந்து வைத்தால் குளிர்ந்த பூச்சின் மேல் நீர் கோத்து நிறம் மங்கிவிடும். மகள் முதல் கடியில் ஓடு உடையும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கடித்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு, முட்டை சாப்பிடாத அந்த மூன்று பிள்ளைகளிடம்தான் முதலில் போனாள்.