தாத்தா ஊர்: இனிஷியலிலிருந்து அடங்கல் வரை

உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம். வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியின் 'வி' வலங்கைமான். இரண்டுமே காவிரி டெல்டா ஊர்கள். ஊரில் ஓர் இரவுகூடத் தங்காத பேரப்பிள்ளைகள் இன்றும் அப்படி ஓர் எழுத்தை ஆதார் அட்டையில் சுமக்கிறார்கள். எழுத்து தானாக வந்துவிடும். நிலம், வீடு, குலதெய்வம் என்று மற்ற எதுவும் அப்படி வராது, ஆள் போக வேண்டும்.

முதலில் ஊரைக் காகிதத்தில் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பத்திரத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா' என்றிருக்கும். மாயவரம் 1982-இல் மயிலாடுதுறை ஆனது. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது, 2020-இல் தனி மாவட்டமானது. நன்னிலம் பக்கம் என்றால் இப்போது திருவாரூர் மாவட்டம். நிலம் யார் பெயரில் எவ்வளவு என்று காட்டும் சிட்டாவை இணையத்தில் பார்க்க இன்றைய மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் மூன்றும் தெரிய வேண்டும். வீட்டில் சொல்லும் ஊர் வெறும் குக்கிராமமாக இருந்து, கணக்கில் பக்கத்து ஊர்ப் பெயரில் அடங்கியிருக்கலாம். அப்போது பெட்டியில் கிடக்கும் கிஸ்தி (நிலவரி) ரசீதுதான் வழிகாட்டும். அதில் வருஷம் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டுக் கணக்கில் இருக்கும். 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1370 என்றால் 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை. அளவு 'மா'வில் இருந்தால் 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி.

பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும், பெரும்பாலும் இனிஷியல் தப்பாக. அதை மாற்ற ஒரு வாரிசுச் சான்று போதும் என்று நினைத்துத்தான் பலரும் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்கிறார்கள். தாத்தாவுக்கு ஒன்று, அவருக்குப் பின் காலமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்று சங்கிலி முழுமையாக வேண்டும். மும்பையில் இறந்தவருக்கு மும்பையில் வாங்கிய இறப்புச் சான்று. ஓராண்டு தாண்டியும் பதியாத இறப்பென்றால் கோட்டாட்சியர் உத்தரவு. சங்கிலி அறுவது எப்போதும் ஒரே இடத்தில்: கல்யாணமாகிப் போன அத்தையை விட்டுவிடுவார்கள். 'அவங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்பது வாரிசுப் பட்டியலில் செல்லாது. அத்தைக்கு நிலம் வேண்டாமென்றால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவரே பதிந்து தரட்டும். வாய்ச்சொல்லை நம்பி விட்டால், அத்தை பிள்ளைகள் காலத்தில் வழக்காக முளைக்கும்.

நிலம் குத்தகையில் இருந்தால், கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் சாகுபடிக் கணக்கான அடங்கலில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு பசலியும் பாருங்கள். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை இஷ்டத்துக்கு வெளியேற்ற விடாது. எழுத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் உரிமை போய்விடாது. அதில் நியாயமும் உண்டு, சேற்றில் நின்றவர் அவர்தானே. மூட்டைக் கணக்கோ ரொக்கமோ, வாங்கியதற்கு ரசீது கொடுங்கள். கொடுக்காமல் விட்டால் பின்னால் பாக்கி எவ்வளவு என்பதே தகராறாகும்.

வீடு விஷயத்தில் ஒரு பொறி உண்டு, அதற்குப் பெயர் அடிமனை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் சுவரும் ஓடும் நம்முடையதாக இருக்கும், மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். கோயில் மண்ணை விற்பதற்கு, 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஆணையர் அனுமதி வேண்டும். விலை பேசி அட்வான்ஸ் வாங்கும் முன் வருவாய்த் துறை நிலக் கணக்கான அ-பதிவேட்டில் உடைமைதாரர் யார் என்று பார்த்துவிடுங்கள். மற்றபடி பூட்டிய வீட்டைக் கெடுப்பது தண்ணீர்தான். குரங்கு நகர்த்திய ஒற்றை நாட்டு ஓடு போதும், ஐப்பசி மழைக்குக் கைமரத்தின் நுனி ஊறும், பிறகு கறையான். புரட்டாசிக்குள் ஓடு மாற்றி, முற்றத்துத் தூம்பில் அடைத்த இலைகளை எடுத்துவிட வேண்டும்.

நிலமும் வீடும் கைமாறிய பிறகும் மிஞ்சுவது குலதெய்வம். பெயர் மறந்துபோன குடும்பங்கள் சுவாமிமலைக்கோ வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ போய்விடுகின்றன. அதற்கு முன் பங்காளி வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் 'துணை' என்று அச்சிட்டிருக்கும் வரியைப் பார்க்கலாம். ரயில் டிக்கெட் எடுக்கும் முன் அதே பங்காளிகளுக்கு ஒரு போன் போடுங்கள். தீட்டு இருந்தால் பயணம் தள்ளிப்போகும், முடியிறக்கக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதக் கணக்கை மறுபடி பார்க்க வேண்டிவரும். மடியில் உட்காரவைக்கத் தாய்மாமனுக்கும் லீவு கிடைக்க வேண்டும்.

மாவிளக்கு மாவைச் சென்னையிலேயே அரைத்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு. ஈரமாவு டப்பாவுக்குள் ராத்திரி முழுக்க வெந்து, காலையில் புளித்த வாடை வரும். அரிசியை மட்டும் கொண்டுபோய், தங்குமிடத்தில் விடியற்காலையில் ஊறவையுங்கள். அரை கிலோ பச்சரிசிக்கு ஒரு மணி நேரம் போதும். வடித்து, நிழலில் வேட்டியில் இருபது நிமிஷம் பரப்புங்கள். அரிசி கையில் ஒட்டக் கூடாது, ஆனால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும். பொடித்துச் சலித்து, 300 முதல் 350 கிராம் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் விடவே கூடாது, வெல்லமே நீர் விடும். அவசரப்பட்டுத் தெளித்தால் மாவு இளகி, குழி சரிந்து, திரி சாயும். ஐயனார் கோயில் திடலில் காற்று அடிக்கும் என்பதால் குழி ஆழமாக இருக்கட்டும், திரி தடிமனாக இருக்கட்டும், நெய் தாராளமாக இருக்கட்டும்.

எப்போது போவது? மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். நடுவில் போனால் கோயில் வரை வரப்பும் சேறும்தான், பாட்டியை நடத்திக் கூட்டிப்போக முடியாது. சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்த மாசி, பங்குனியில் கார் கோயில் வாசல் வரை போகும். பூசாரிக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். தினப்படி பூஜை இல்லாத கோயில்களில் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும், அவர் ஏதாவது வேலையாக வெளியூர் போயிருப்பார்.