கீரனூர் தாண்டியதும் நின்றுபோகும் பத்மினி

மாமா வீட்டு ஷெட்டில் மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் நின்றிருந்த 1988 மாடல் பிரீமியர் பத்மினியை நவம்பரில் திருச்சிக்குக் கட்டி இழுத்து வந்தேன். 1089 சிசி, நான்கு சிலிண்டர், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். ஃபியட் 1100 என்று பம்பாயில் செய்யத் தொடங்கி, 1974-ல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி. மாமா இன்னும் "ஃபியட்" என்றுதான் சொல்வார். சாவியைக் கொடுக்கும்போது, "ஓடுற வண்டிதான்டா, நிறுத்தி வச்சதுல கெட்டுப்போச்சு" என்றார். இந்த ஐந்து மாதத்தில் அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்துகொண்டேன். நின்றதால் கெட்டது கொஞ்சம். முன்பே இருந்து, யாரும் தேடிப் பார்க்காமல் விட்டது நிறைய.

முதல் வேலை பெட்ரோல். டேங்கில் இருந்ததை இறக்கினால் வார்னிஷ் வாடை. கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாகப் பிசின் படிந்திருந்தது. பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகுகளான ஜெட்டுகளைக் கழற்றிக் கிளீனர் அடித்துக் காற்று ஊதினேன். கம்பி விட்டுக் குத்தவில்லை, குத்தினால் ஓட்டை பெரிதாகி அளவு போய்விடும். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும், விலை கொஞ்சம் கூடத்தான்.

அடுத்தது செல்ஃப். சாவியைத் திருப்பினால் "உர்ர்... உர்" என்று இரண்டு சுற்று, அவ்வளவுதான். பேட்டரி புதிது, வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் மாற்றச் சொன்னார்கள். கழற்றும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். நண்பனை உட்கார வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னால், பேட்டரி முனையில் 11.5-க்குக் கீழே இறங்கவே இல்லை. எனக்கு இதுதான் விசித்திரமாக இருந்தது. செல்ஃப் உண்மையில் திணறி அதிகக் கரண்ட் இழுத்தால் வோல்ட் பத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். விழவில்லை என்றால் கரண்ட் போகவே இல்லை, வழியில் எங்கோ அடைப்பு.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்து மறுபடி செல்ஃப் அடித்தோம். 2.8 வோல்ட் காட்டியது. அங்கே 0.3-க்கு மேல் வரக்கூடாது. அதாவது எர்த்தில், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியிலேயே, கிட்டத்தட்ட மூன்று வோல்ட் வீணாகிறது. அந்த நேரத்தில் தற்செயலாக சோக் கம்பியை (ஆறிய இஞ்சினை எடுக்க இழுப்பது) தொட்டேன், சுட்டது! இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது; அதற்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும், கிடைத்தது சோக் கம்பி. குனிந்து பார்த்தால் அந்தப் பின்னல் பட்டை பச்சை பூத்து நாலு நூல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுப் பட்டை போட்டு, இரண்டு பக்கமும் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, மேலே வாசலின் தடவி முறுக்கினேன். செல்ஃப் ஒரே தட்டில் எடுக்கிறது. மோட்டாரைத் தொடவே இல்லை.

பேட்டரி நாலு நாளில் இறங்குவது அடுத்த தலைவலி. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் போட்டேன். எல்லாம் அணைத்த நிலையில் 0.38 ஆம்பியர் ஓடியது. இந்த வண்டியில் கணினி எதுவும் கிடையாது, கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். 0.38 என்றால் நாலு நாளில் 36 ஆம்பியர்-ஹவர், என் பேட்டரியின் கொள்ளளவே அவ்வளவுதான். ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவினேன், எதிலும் குறையவில்லை. ஃபியூஸே இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து ஒரு வயர் பின்சீட்டுக்கு அடியில் போயிருந்தது, யாரோ எந்தக் காலத்திலோ போட்ட ஆம்ப்ளிஃபயர். பாட்டு வராவிட்டாலும் அது விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிடுங்கிப் போட்டேன். பத்து நிமிட வேலை, தேடியது ஒரு மதியம்.

சரி, இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன்.

ஜனவரியில் வண்டி நன்றாக ஓடியது. தைரியமாகப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன். கீரனூர் தாண்டி இரண்டு கிலோமீட்டர், கிளம்பி முக்கால் மணி நேரம் இருக்கும். திணறல், உதறல் எதுவும் இல்லாமல் இஞ்சின் அப்படியே அணைந்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். எதிரே டீக்கடையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "ஏர் லாக்கு தம்பி. பெட்ரோல் பம்ப்பு மேல ஈரத்துணியப் போடுங்க." பம்ப் இஞ்சின் பக்கவாட்டிலேயே பொருத்தியிருக்கிறது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் போவது இந்த மாதிரி வண்டிகளில் உண்மையாகவே நடப்பதுதான். துணியை நனைத்துப் போட்டு, டீ குடித்து, இருபது நிமிடம் கழித்து அடித்தால் எடுத்துக்கொண்டது. பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனேன்.

அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் மறுபடி நின்றது. ஈரத்துணி, இருபது நிமிடம், ஸ்டார்ட். எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் சீக்கிரம் ஆவியாகிறது என்று நானே முடிவு கட்டினேன். பம்ப்பைக் கழற்றிப் புது டயாப்ரம் போட்டேன். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டை விட்டுத் தள்ளி வளைத்து, சூடு தாங்கும் உறை மாட்டினேன். இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவது முறையும் கீரனூர் தாண்டியதும் நின்றது.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல், பத்மினி டாக்சிகளைப் பார்த்துப் பழகிய கை. அவரிடம் புலம்பினேன். கை வேலையை நிறுத்தாமலே கேட்டார்:

"நின்னதும் என்ன பாத்தீங்க?"

"துணி போட்டேன் பாய்."

"பிளக்குல நெருப்பு வருதான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

"சூடா இருக்கும்போதே பாக்கணும் தம்பி. ஆறிட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அன்று இரவு இதை யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. துணி போட்ட மூன்று முறையும் நான் இருபது நிமிடம் காத்திருந்திருக்கிறேன். அந்த இருபது நிமிடத்தில் பம்ப் மட்டுமா ஆறியது? பானெட்டுக்குள் இருக்கும் அத்தனையும் ஆறியிருக்கும். துணி சரி செய்ததா, நேரம் சரி செய்ததா என்று பிரித்துப் பார்க்க நான் எதுவுமே செய்யவில்லை.

நாலாவது பயணத்துக்குத் தயாராகப் போனேன். ஒரு பழைய பிளக், ஒரு டெஸ்ட் லைட், மல்டிமீட்டர், காலி பாட்டில், சின்ன தீயணைப்பான். பின்னால் நண்பன் பைக்கில். எதிர்பார்த்தபடியே நின்றது. உடனே ஒரு பிளக் வயரைப் பிடுங்கிப் பழைய பிளக்கைச் செருகி, அதன் உடம்பை இஞ்சினில் படுமாறு வைத்தேன். நண்பன் செல்ஃப் அடித்தான். நெருப்பு இல்லை. பெட்ரோலையும் விட்டுவைக்கவில்லை: பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டர் பக்க ஹோஸைப் பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடித்தோம், துடித்துத் துடித்துக் கொட்டியது. சூடான இஞ்சினில் ஒரு சொட்டு சிந்தினாலும் ஆபத்து, இதைச் செய்பவர்கள் அவசரப்படாமல் செய்யுங்கள். ஆக, பெட்ரோல் இருக்கிறது, நெருப்பு இல்லை. ஏர் லாக் கதை அந்த நிமிடமே முடிந்தது.

இனி காயில், பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்ச்), கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது) மூன்றில் ஒன்று. காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றினேன். சாவி ஆன். டெஸ்ட் லைட்டைக் காயிலின் பிளஸ்ஸில் வைத்தால் எரிகிறது. மைனஸில் வைத்தால் எரியவில்லை. உள்ளே சுற்று அறுந்திருக்கிறது. சாவியை அணைத்து, பிளஸ் வயரையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன், தொடர்பே காட்டவில்லை. வீட்டில் ஆறிய நிலையில் இதே காயில் 3.2 ஓம் காட்டியிருந்தது. சூட்டில் உள்ளே கம்பி விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் அதே ஈரத்துணியை எடுத்து, மேல்முனை நனையாதபடி காயில் உடம்பில் சுற்றினேன். பம்ப் கொதித்தபடியே இருந்தது. ஏழு நிமிடத்தில் மீட்டரில் ஓம் திரும்பியது. வயர்களை மாட்டி அடித்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. நடுரோட்டில் நானும் நண்பனும் கத்திய கத்தலை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

காயில் ஏன் கெட்டது என்பதற்கு என்னிடம் ஒரு கணிப்பு இருக்கிறது. இந்த வண்டியில் ரேடியோ சாவி ஆனில் இருந்தால்தான் பாடும். டிசம்பரில் உள்ளே சீட் தைத்துக்கொண்டிருந்த நாட்களில் மணிக்கணக்கில் சாவியை ஆனில் விட்டுப் பாட்டுக் கேட்டேன். இஞ்சின் நின்ற நிலையில் பாயிண்ட் மூடியிருந்தால் காயிலில் விடாமல் கரண்ட் ஓடும்: 12 வோல்ட், 3 ஓம், அதாவது 4 ஆம்பியர், கிட்டத்தட்ட 50 வாட் சூடு. ஒரு சாலிடரிங் இரும்பை டப்பாவுக்குள் மூடி வைத்த மாதிரி. ரேடியோவை இப்போது தனி ஃபியூஸ் போட்டுப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்துவிட்டேன், கையால் அணைக்கும் சுவிட்சோடு.

புதுக் காயில் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஓம் பார்த்து வாங்குங்கள். 1.5 ஓம் அளவில் இருப்பவை தனி ரெசிஸ்டரோடு ஓட வேண்டியவை. அதை நேராக மாட்டினால் பாயிண்ட்டும் கருகும், காயிலும் போகும். எனக்குக் கிடைத்தது 3.1 ஓம். கையோடு பாயிண்ட், கண்டென்சரும் மாற்றினேன். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.4 மில்லிமீட்டர் வைத்தேன்.

ஹெட்லைட் மங்கல் பற்றிச் சுருக்கமாக: இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 10.9. முழுக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியே சுற்றி வருவதால் வழியிலேயே கரைகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும், என்னுடையது இருபதுக்கு மேல் குறைந்திருந்தது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), தடித்த வயர், ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் போட்டேன். இப்போது பல்பில் 13.3. பல்பு பழசுதான்.

மார்ச் வெயிலில் சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. சிக்னலில் நிற்கும்போது ஏறினால் ஃபேன், பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். என்னுடையது நிற்கும்போது சும்மா இருந்து, நெடுஞ்சாலையில் 70-ல் போகும்போது ஏறியது. காற்று தாராளமாக அடிக்கும்போதும் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் குறை. இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்ற பயமும் இருந்தது. ஆறிய இஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன், குமிழி வரவில்லை. ஆயிலிலும் பால் நிறம் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்தேன். மேல் டேங்கைப் பிரித்ததும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி உப்பு, பாதிக் குழாய் மூடியிருந்தது. இத்தனை வருடமும் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் குளியலறைக் குழாயையே அடைக்கிறது, ரேடியேட்டர் எம்மாத்திரம்? ராடு விட்டுச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றினேன்.

இஞ்சின் சூடான பிறகுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நம்மூரில் சூடு ஏறினால் முதலில் அதைத்தான் பிடுங்கி எறிவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் காலையில் இஞ்சின் வெதுவெதுப்பாகவே நெடுநேரம் ஓடும். சோக்கை விடமுடியாது, பெட்ரோலும் குடிக்கும். புதிது வாங்கி, நூலில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினேன்.

பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுத்தது. முன் வலது டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டர் கசிந்து, ஷூ முழுக்க பிரேக் ஆயில். நான்கு வீலுக்கும் ரப்பர் கிட் மாற்றி, ஷூ மாற்றி, பாய் பக்கத்தில் நின்று பார்க்க பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுத்தேன். பிரேக்கில் மட்டும் தனியாக எதையும் செய்து பார்ப்பதில்லை.

போன ஞாயிறு புதுக்கோட்டை போய் வந்தேன். கீரனூர் தாண்டும்போது வேண்டுமென்றே நிறுத்தி, காயிலைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடிகிற சூடு. டீக்கடைப் பெரியவர் இருந்தார். காயில் என்று சொன்னதும், "அப்ப துணியப் போட்டதும் எப்படி எடுத்துச்சு?" என்று கேட்டார். உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன்.

மீதி இருப்பது கியர். இரண்டாவதிலிருந்து முதலுக்கு இறக்கும்போது சிக்குகிறது. ஸ்டீயரிங் தண்டின் அடியில் லிங்கேஜ் புஷ் தேய்ந்து இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது. பழைய புஷ்ஷை அளந்து லேத்துக்குக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும்.