கொழும்பில் ஏசி இல்லாமல் ஒரு சுற்று

பசுமைக் கட்டடம் எங்கே பார்க்கலாம் என்று கொழும்பில் யாரைக் கேட்டாலும் கை ராஜகிரியப் பக்கம்தான் நீளும். கிளியர்பாயின்ட் ரெசிடென்சீஸ் என்ற 46 மாடிக் குடியிருப்பு, 186 மீட்டர் உயரம், மில்ரோய் பெரேரா வடிவமைத்தது. ஒவ்வொரு மாடியையும் சுற்றி பால்கனி போல அகலமான தட்டு, தட்டு முழுக்கச் செடிகளும் சிறு மரங்களும். அங்கே குடியிருக்கும் யாரையும் எனக்குத் தெரியாது, அதனால் வீதியோரம் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததோடு சரி. கேலி செய்யலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன் (சுவரில் நாலு கொடியைப் படரவிட்டுப் பசுமை என்று விற்பதை நிறையப் பார்த்தாயிற்று), ஆனால் இதில் விஷயம் செடியை விட அந்தத் தட்டில்தான் இருக்கிறது. தட்டு வெளியே நீண்டிருப்பதால் வெயில் கண்ணாடியில் நேரே விழுவதில்லை, செடி மிச்ச வெயிலையும் வீதித் தூசியையும் கொஞ்சம் மறிக்கிறது, மழைநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் சொட்டுநீர்க் குழாய் வழியாகச் செடிகளுக்கே கொடுக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனாலும் நாற்பதாவது மாடிச் செடிக்குத் தண்ணீர் போக மோட்டார் ஓட வேண்டும், மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும். எனக்கு அந்த இடத்தில்தான் இடித்தது.

ஏன் இடித்தது என்றால் நான் தங்கியிருந்தது வெள்ளவத்தையில், சின்னம்மா வீட்டில். ஆறாம் மாடி, மேற்குப் பார்த்த முகப்பு, கூரையிலிருந்து தரை வரை கண்ணாடி. கடல் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்களாம், கடல் தெரிகிறது, மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு சூரியனும் வீட்டுக்குள்ளேயே வந்து குந்திவிடுகிறது. யன்னல் பாதிதான் திறக்கும், எதிர்ச் சுவரில் காற்று வெளியேற வழியே இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது அந்த மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்தில் போய்ப் படுத்தார்களாம், முழுக் கட்டடத்திலும் காற்று நடமாடிய ஒரே இடம் அதுதான். இத்தனை கோடி போட்டுக் கட்டியதில் படிக்கட்டு மட்டும்தான் வீடு என்று சின்னம்மா சிரித்துக்கொண்டு சொன்னா. சரி, கரண்ட் இல்லாவிட்டாலும் இருக்கக்கூடிய கட்டடம் இந்த ஊரில் எது என்று தேடிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

அப்படிக் கேட்டால் பதில் பழைய காலத்துக்குப் போகிறது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்கு வந்து, உள்ளே பகத்தலே வீதிக்கு நடந்தால் 33ஆவது ஒழுங்கை, அதன் முடிவில் 11ஆம் இலக்க வீடு. ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீடு. சட்டம் படித்து, அதை விட்டுவிட்டு 1957இல், 38 வயதில் கட்டடக் கலைஞரானவர். 1958இல் இந்த ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் மூன்றாவதை வாடகைக்கு எடுத்தார், பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகக் கைக்கு வர, பத்து வருடத்தில் நான்கையும் ஒரே வீடாக்கிவிட்டார். வாசலில் அவருடைய 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ரொய்ஸ் இப்போதும் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் பார்க்க விரும்பியது நடைபாதையை. கதவைத் தாண்டியதும் நீளமான வெள்ளை நடை, தரையும் வெள்ளை, சுவரும் வெள்ளை. செருப்பில்லாமல் நடக்கும்போது உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறுகிறது. வெளியே பதினொரு மணி வெயில், உள்ளே ஃபேன் சத்தம்கூட இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை கூரையை விட்டுவிட்டிருக்கிறார், அந்த இடத்தில் ஒரு சிறு தொட்டித் தண்ணீரோ ஒரு செடியோ மேலே வானமோ. முற்றம் என்று சொல்ல முடியாது, ஒரு கட்டில் போடுகிற அளவு இடம். ஆனால் வேலை முற்றத்தின் வேலைதான்: சூடான காற்று அந்த ஓட்டை வழியாக மேலே போகிறது, அது போகப் போக நிழலில் கிடக்கும் குளிர்ந்த காற்று நடை வழியே இழுபட்டு வருகிறது. எங்கள் ஊர் நாற்சார் வீட்டில் நடுமுற்றம் செய்வதும் இதைத்தான். வித்தியாசம் என்னவென்றால், நாற்சாருக்குப் பரந்த காணி வேண்டும், இவர் அதை நெருக்கடியான ஒழுங்கைக்குள், பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஒட்டினாற்போல், துண்டு துண்டாக வைத்துக் காட்டியிருக்கிறார். வெள்ளவத்தையில் காணி விலை ஏறிவிட்டது, முற்றம் விட இடமில்லை என்று சொல்லும் கட்டடக்காரர்களை ஒரு தடவை இங்கே கூட்டிவந்து நிற்க வைக்க வேண்டும்.

ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. எங்கோ இடிபட்ட வீட்டிலிருந்து வாங்கி வந்தவை. கதவுகள், யன்னல்கள், சிலைகள் என்று வீடு முழுக்க இப்படி இரண்டாம் வாழ்வு வாழும் சாமான்கள்தான். இதை இன்றைக்கு மீள்பயன்பாடு என்று சொல்லிச் சான்றிதழ் தருகிறார்கள். அவர் ஆசைக்குச் சேர்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், அதனால் என்ன, புதிதாக ஒரு மரம் விழவில்லை.

அதே நேரம் எல்லாவற்றையும் புகழவும் மனம் வரவில்லை. பாவாவின் கூரைகளில் ஒரு பிரபலமான உத்தி உண்டு: கீழே நெளிந்த சீமெந்துச் சீட், அதன் மேல் அரைவட்ட நாட்டு ஓடு. ஓடு மட்டும் போட்டால் கொழும்பு மழைக்கு எங்காவது ஒழுகும், குரங்கோ பூனையோ ஓடினால் இன்னும் ஒழுகும். சீட்டை மட்டும் போட்டால் வெயிலுக்கு உள்ளே அவியும். இரண்டையும் சேர்த்தால் சீட் மழையை மறிக்கும், ஓடு வெயிலைத் தாங்கும், நடுவில் உள்ள இடைவெளியில் காற்று நிற்கும். அருமையான யோசனை, இன்றும் ஊரெல்லாம் இதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அந்தக் காலச் சீட் என்றால் அஸ்பெஸ்டோஸ் சீட்தான். சூழலுக்கு நல்ல வீடு என்று பேசும்போது இதை மறைக்கக் கூடாது, வெட்டும்போதும் உடைக்கும்போதும் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கூரையில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் அல்ஃபிரட் பிளேஸ். பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் பாவா கட்டிய வீடு இருந்த இடம். இலங்கை நவீன வீடுகளுக்குள் முற்றம் திரும்பி வந்தது இந்த வீட்டால்தான் என்பார்கள். இப்போது போனால் அங்கே வீடு இல்லை. காணி கைமாறியபோது கல், தூண், கதவு, ஓடு என ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கொங்கிறீட்டில் வார்த்த வீடாக இருந்திருந்தால் இடித்து லொறியில் ஏற்றுவது தவிர வேறு வழி இல்லை. கழற்றக் கூடியதாகக் கட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வெறும் வீதியில் நின்றபோதுதான் உறைத்தது.

பாவா பேர் மட்டுமே அடிபடுவதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அவர் தகுதி பெறுவதற்கு முன்பே, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா. 1950களில் அல்ஃபிரட் ஹவுஸ் கார்டன்ஸில் பீரிஸ் குடும்பத்துக்காக அவர் கட்டிய வீட்டைத் தூண்களில் தூக்கி, கீழ்த்தளத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டார். நெசவாளர், குயவர், அரக்கு வேலைக்காரர் என்று உள்ளூர்க் கைவினைஞர்களைத் தன் வீடுகளுக்குள் கொண்டுவந்ததும் அவர்தான். அப்புறம், பாவாவின் கூரைகளும் தூண்களும் நிற்பதற்குக் கணக்குப் போட்டவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம், 1967 முதல் அவருடைய நிறுவனப் பங்காளி. பாவாவிடம் வேலை பழகியவர்களில் சி. அஞ்சலேந்திரன் இருக்கிறார், தனியே அலுவலகம் வைத்துக்கொள்ளாமல் பத்தரமுல்லை வீட்டு விறாந்தையிலிருந்தே வேலை செய்தவர், எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமங்கள் சிலவற்றை வடிவமைத்தவர். நம் ஆட்கள் இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

பேரை வாவியில் சீமா மாலகய என்ற பௌத்த விகாரைக்கும் போனேன். 1970களின் கடைசியில் பாவா கட்டியது, தண்ணீர் மேல் மூன்று மேடைகள், நீல ஓட்டுக் கூரை, சுவருக்குப் பதில் மரச்சட்டங்கள். உள்ளே உட்கார்ந்தால் நாலா பக்கமும் காற்று. வாவியின் மணமும் அதே காற்றில்தான் வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழியில் ஹைட் பார்க் மூலையில் இன்னொன்று நிற்கிறது, அரச ஈட்டு வங்கிக்காக 1976-78இல் அவர் வடிவமைத்த பன்னிரண்டு மாடி அலுவலகம். மழை பெய்தாலும் காற்று உள்ளே வரும்படி யன்னலுக்கடியில் மறைவாகத் துளைகள் வைத்து, காற்றடிக்கும் திசை பார்த்துத் திருப்பி நிறுத்திய உயர்ந்த கட்டடம். ஐம்பது வருடத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள், ஆனால் அந்தத் துளைகளை நம்பி இன்று கொழும்பில் யார் அலுவலகம் நடத்துகிறார்கள்?

சரி, இதெல்லாம் பெரிய ஆட்களின் வேலை, நம்மைப் போன்றவர்கள் கட்டலாமா? தெஹிவளையில் எங்கள் மச்சாள் ஒருவர் கட்டியிருக்கிறா. அதிகம் பெரிய காணி இல்லை. பழைய வீட்டின் கள்ளிக்கோட்டை ஓடுகளைக் கழுவித் திரும்பப் போட்டிருக்கிறா, கதவுகளுக்குப் பழைய பலாப் பலகை, மொறட்டுவைத் தச்சர் ஒருவர் சீவிப் பொருத்தியது. தரை மாபிள் இல்லை, மினுக்கிய சீமெந்துதான், ஓரிரு இடத்தில் மயிர் போல வெடிப்பு ஓடியிருக்கிறது. கதிரைகளுக்குப் பதில் சுவரோடு சேர்த்துக் கட்டிய திண்ணை, அதன் மேல் கைத்தறித் துணி மெத்தை. குசினிக்கும் அறைக்கும் நடுவில் சின்னதாக ஒரு முற்றம், ஒரு தொட்டி, ஒரு அரலி மரம். சுவரின் மேல் வரிசையில் துளைக்கல் வைத்திருப்பதால் யன்னலை மூடினாலும் காற்று ஓடுகிறது.

“பில் எப்படி?” என்று கேட்டேன்.

“பில் குறைஞ்சதுதான் தம்பி, ஏசி அறையே இல்லையே. ஆனா நுளம்பைப் பற்றி ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல.”

அதுதான் எந்தப் பளபளப்புப் படத்திலும் வராத பகுதி. டெங்கு உள்ள ஊரில் திறந்த முற்றமும் தேங்கிய தண்ணீரும் என்றால் சும்மா இல்லை. முற்றத்தைச் சுற்றி மெல்லிய கம்பி வலை அடித்திருக்கிறா, வலை காற்றைக் கொஞ்சம் குறைக்கிறது. பீலியில் அரலிப் பூவும் இலையும் அடைத்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கும், வாராவாரம் ஏணி வைத்து ஏற வேண்டும். தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறா, புழுவை அது தின்றுவிடும். ஒரு முறை பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா பரிசோதனைக்கு வந்தவர் முற்றத்தைக் கண்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போய் டோர்ச் அடித்துப் பார்த்தாராம். மீன்களைப் பார்த்தார், பீலியைப் பார்த்தார், பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒன்றும் சிக்கவில்லை. பிறகு அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, எழும்பும்போது மேசனின் ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.