செருப்பு மாட்டிய கைகள்

இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். பத்து வயசு இருக்கும்.

நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரையை ஒட்டி, சம்பா அறுத்த வயல். பையன்களின் ஃபுட்பால் ஆட்டம். கோல் போஸ்ட்டுக்கு ரெண்டு மூங்கில் கழி. இன்னைக்குச் சாயங்காலம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அரை மணி நேரம் பார்த்தேன்.

மற்ற பையன்கள் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். இவன் சும்மா நிற்கவில்லை. பந்து நெருங்கினால் ரெண்டு எட்டு முன்னால் வந்து கோணத்தை அடைக்கிறான். யார் சொல்லிக்கொடுத்தார்களோ! முழங்கை இரண்டிலும் அரிதாள் கிழித்த கோடுகள்.

ஒரு பந்து செருப்பில் பட்டு நழுவி உள்ளே போனது.

"டேய், உன்னாலதான்டா!"

முன்னால் மூணு பேர் விட்ட பந்து அது. அதை யாரும் கேட்கவில்லை.

காலேஜ் டீமில் நானும் கோல் கீப்பர்தான். அந்த வசவு இன்னும் காதில் இருக்கிறது.

இந்திய டீமுக்குக் கோல் காத்த நம்ம பீட்டர் தங்கராஜ் முதலில் கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டு. ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் கீப்பரானார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது. இத்தாலியின் கீப்பர் டினோ ஜோஃப் 1982-ல் உலகக் கோப்பையைத் தூக்கியபோது வயசு 40. மற்றவர்கள் கால் ஓய்ந்து வீட்டுக்குப் போகும் வயசு அது. அத்தனை வருஷம் வாங்கிய கோல்களையும் மனசில் சுமந்துதானே அவர்கள் ஒவ்வொரு மேட்சுக்கும் இறங்கியிருப்பார்கள்?

பையன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்தான். செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நல்லா நிக்கிற தம்பி" என்றேன்.

"அடுத்தது விடமாட்டேண்ணே."